பூதத்துக்குக் கை ஒட்டுத சோலி

ஒடஞ்சுபோன பூதத்துக்குக் கை ஒட்டணும்னா மொதல்ல செய்ய வேண்டிய சோலி என்னன்னு தெரியுமாலே பேராண்டி? ஒன் போனக் கொண்டு போயி ஒங்கம்மை கையில குடுக்கது. அதுல ஒருத்தன் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கான், நீ பாக்க. அவன் ஒண்ண முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போறான், நீயும் அடுத்த வீடியோவுக்குப் போற. பூதம் மட்டும் வலது கையில்லாம மேசை மேல அப்படியே நிக்கு. இதுல நேத்து ராத்திரி ஒங்கம்மைகிட்ட, "பெயிண்டிங் பண்ணிப் பண்ணிக் கை வலிக்கும்மா"ன்னு வேற சொல்லுத. எந்தக் கை? போன் புடிச்ச கையா?

ஒங்க ஆச்சி ஊர்லருந்து கூப்புட்டு, "நாட்டிங்காம்ல பேரப்பய என்ன செய்யுதான்"னு கேட்டா. "ஒரு பூதத்துக்கு வைத்தியம் பாக்கான்"னு சொல்லித் தொலச்சுட்டேன். பதறிட்டா பாவம். பொறவு பைய உக்காந்து வெளக்க வேண்டியதாப் போச்சு. 1986-ல ஜெர்விஸ் ஜான்சன்னு ஒருத்தரு உண்டாக்கின ஆட்டம்ளா இது, பேரு ப்ளட் பௌல். அமெரிக்காக்காரன் தலையில தொப்பிய மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவான் பாத்தியா, அந்த ஆட்டத்த எடுத்தாரு. மனுசனுக்குப் பதிலா பூதம், குட்டிச்சாத்தான், எலிமனுசன், செத்து எந்திரிச்சவன்னு எறக்கி விட்டுட்டாரு. ஒரு பக்கத்துக்கு 11 பேரு. களம் நீளத்துல 26 கட்டம், அகலத்துல 15. ஒவ்வொருத்தருக்கும் பாதிக்கு எட்டுன்னு 16 தடவை ஆட வாய்ப்பு. பந்தக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டு போனா ஒரு புள்ளி. கொண்டு போவ முடியலைன்னா எதிராளியப் போட்டுச் சாத்தலாம், அதுக்குத் தடையே கெடையாது.

அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "அடி வாங்கினவன் செத்துட்டா?"ன்னா. "பட்டியல்ல பேர அடிச்சுருவாவ"ன்னேன். "நாளைக்குச் சாவப் போற பயலுக்கு இன்னைக்கு எதுக்குப் பெயிண்டு?"ன்னு ஒரு போடு போட்டா பாரு! இந்தப் பொம்மைகள வார்க்குத கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பே இந்த ஊரு லென்டன்லதான் இருக்கு. அங்கன போயி நின்னு எவன்கிட்ட வேணாலும் கேட்டுப் பாரு, இதுக்குப் பதில் வராது. நானே ஒண்ணச் சொல்லிச் சமாளிச்சேன்: சாவுதது பேருதான், பொம்மை சாவாது. அடுத்த வாரம் அதே பூதம் வேற பேர்ல வந்து நிக்கும். மறுபிறவின்னதும் அவளுக்குப் புரிஞ்சுபோச்சு.

சரி, ஒன் சோலிக்கு வருவோம். இந்தப் பூதம் பிளாஸ்டிக் கெடையாது. தூக்கிப் பாரு, கையில கனம் தெரியும். அடியில நகத்தால கீறினா வெள்ளையா மினுங்கும். பழைய உலோக வார்ப்பு, ஈயம் கலந்ததா இருக்கும். வித்தவன் "நல்ல நிலையில் உள்ளது"ன்னு எழுதினானாம். கைய மட்டும் தனியா ஒரு சின்னப் பையில போட்டு அனுப்பியிருக்கான். பொய் சொல்லலயே. பூதமும் நல்ல நிலையில இருக்கு, கையும் நல்ல நிலையில இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கும்னு அவன் எங்கயும் எழுதல.

ஈயம்னதும் பயந்துக்காத, ஆனா மெத்தனமாவும் இருக்காத. அரத்தால ராவும்போது தூளு பறக்கக் கூடாது. தண்ணி தொட்டு உப்புத்தாளால தேய்ச்சு, ஈரத்துணியால தொடச்சு எடுத்துரு. ஒரு கையால பூதத்தத் தேய்ச்சுக்கிட்டே மறு கையால முறுக்கு திங்குதியே, அந்த வித்தைய மட்டும் விட்டுரு. முறுக்கு தட்ட இங்கன என் பக்கம் தள்ளு. ஒன் ஒடம்பு மேல உள்ள அக்கறையிலதான் சொல்லுதேன்.

ஒட்டுததுக்கு முன்னாடி பழைய பெயிண்ட உரிக்கணும். இந்த ஊர்ப் பொம்மைக்காரங்க காலங்காலமா நம்புதது டெட்டாலத்தான். காயத்துக்குப் போடுததுதான்லே, அதே தான். தண்ணி கலக்காம ஒரு பாட்டில்ல ஊத்தி, ஒரு நாள் முங்கப் போடு. மறுநாள் கையுறைய மாட்டிக்கிட்டு, பழைய பல்லு பிரஷ்ஷால தேய்ச்சா தோலாட்டம் கழண்டு வரும். இங்கனதான் எல்லாப் பயலும் கோட்டை விடுதது: அவசரப்பட்டு நேரா குழாயடிக்குக் கொண்டு போயிருவான். டெட்டால்ல ஊறின பெயிண்ட்ல தண்ணி பட்டுச்சோ, பிசினாயிப் பிடிச்சுக்கும். பொறவு உரிக்க நீ ஒரு யுகம் ஒக்காரணும். மொதல்ல டெட்டால்லயே அலசி மிச்சம் மீதிய எடுத்துட்டு, கடைசியாத்தான் சோப்புத் தண்ணி. நகச்சாயம் அழிக்குத அசிட்டோனும் உலோகத்துக்கு ஆவும். ஆனா அந்த ஆசையில ஒன் பிளாஸ்டிக் பொம்மையையும் அதுல போட்டுராத. காலைல வந்து பாத்தா ஆள் இருக்க மாட்டான், களிதான் இருக்கும். நீ உரிச்ச அன்னைக்கு வாசல் வரைக்கும் நெடி. பக்கத்து வீட்டு அம்மா கதவத் தட்டி, வீட்டுல யாருக்கு என்ன ஆச்சுன்னு விசாரிச்சுட்டுப் போறா. பூதத்துக்குக் கை போச்சுன்னு நான் எந்த இங்கிலீசுல சொல்லுவேன்?

உரிக்கும்போது கவனிச்சியா? மேல பச்சை, அதுக்கு அடியில நீலம், கால் விரலிடுக்குல கொஞ்சூண்டு செவப்பு. எத்தனை மவராசன் கைமாறி வந்திருக்கானோ இந்தப் பய. ஒவ்வொருத்தனும் முந்தினவன் மேலயே கெட்டியா அப்பியிருக்கான். அவங்களத் திட்டாத. கீழ்த்தாடையில பாரு, ஒரு பல்லு கூடத் தேயல, மூக்கு நுனி மரு வரைக்கும் அப்படியே இருக்கு. யார் கண்ணுலயும் படாமப் பத்திரப்படுத்தி வச்சிருக்காவ.

இப்போ கை. நீ சூப்பர் க்ளூவ எடுத்து ரெண்டு பக்கமும் பிதுக்கி, நாலு எண்ணுத நேரம் அமுக்கிப் பிடிச்சுட்டு, "தாத்தா ஒட்டிக்கிட்டு!"ன்னு கத்தினப்பவே எனக்குத் தெரியும். ஒட்டும்லே. நீ அசையாம, மேசை அசையாம, வீட்டுல யாரும் தும்மாம இருந்தா ஒட்டியே இருக்கும். அந்தப் பசை நேரா இழுத்தாத் தாங்கும். பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டினா கண்ணாடி கணக்கா விட்டுரும். கையோ உலோகம், நல்ல கனம். ஆட்டத்துல பகடை உருண்டு வந்து இடிக்கும், எதிராளி தோத்த கடுப்புல சட்டைக் கையால தட்டி விடுவான். அதனால உள்ளுக்கு ஒரு கம்பி வைக்கணும். ஒடஞ்ச எலும்புக்கு ஆஸ்பத்திரியிலயே அதத்தான் செய்யுதான்.

மொதல்ல பழைய பசையச் சுரண்டு. மஞ்சளா, பொருக்குத் தட்டிக் கெடக்கும். அதுக்கு மேல புதுப் பசை போட்டா, பசையும் பசையும் ஒட்டிக்கும், கை தனியா நிக்கும். பொறவு அந்தச் சின்னக் கை டிரில் இருக்குல்லா, ஒரு மில்லிமீட்டர் ஊசி போட்டு, தோள்பட்டைக் குழி நடுவுல பைய திருகு. அமுக்காத. ஊசி மெலிசு, ஒன் பெலத்தக் காட்டினா உள்ளயே முறிஞ்சு நின்னுரும், அதத் தோண்டி எடுக்க இன்னொரு வீடியோ பாக்கணும் நீ. தோள்ல ஓட்டை போட்டாச்சு, கையில எங்கன போடணும்? கண்ணால குத்துமதிப்பா வச்சா, பூதம் முதுகு சொறியுத கோலத்துல போய் நிக்கும். தோள் ஓட்டையச் சுத்தி ஒரு சொட்டுப் பெயிண்ட் வை, காயுததுக்குள்ள கைய அதுல ஒத்தி எடு. எங்கன அடையாளம் விழுதோ அங்கன ஓட்டை. ஒரு ஜெம் கிளிப்ப நிமித்தி, வேண்டிய அளவு நறுக்கி உள்ள எறக்கு. ஒட்டுததுக்கு முன்னாடி பசையில்லாம ஒரு தடவை மாட்டிப் பாத்துக்க. பெரிய பெரிய பொறியாளரெல்லாம் இந்த ஒரு நிமிசத்தச் சேமிக்கப் போயிதான் சந்தி சிரிச்சிருக்கான்.

ஒட்டினதுக்கு அப்புறம் இடுக்கு தெரியும். அதுக்குக் கிரீன் ஸ்டஃப்னு பிசையுத மக்கு இருக்கு. நீலத்த ஒரு துண்டு, மஞ்சள ஒரு துண்டு, சமமா எடுத்துப் பிசைஞ்சாப் பச்சை. ரெண்டும் பட்டையா ஒட்டி வந்தா, நடுவுல தொட்டுக்கிட்டு இருக்க எடம் கடையிலயே இறுகியிருக்கும். அத வெட்டித் தூரப் போட்டுட்டு மிச்சத்தப் பிசை. இல்லைன்னா நீ பூச்சு பூசும்போது மணல் நெருடும். விரலும் கருவியும் ஈரமாவே இருக்கட்டும், இல்லைன்னா அது பூதத்த விட்டுட்டு ஒன்னத்தான் கட்டிப் பிடிக்கும்.

பூதத்துல ஒரு பெரிய வசதி உண்டுலே. ஒனக்கு வழவழப்பா பூச வரலைன்னா கவலப்படாத, அதும் மேல ரெண்டு மரு உருட்டி வச்சுரு. எங்கனயெல்லாம் கை கோணுதோ அங்கனயெல்லாம் மரு. பாக்குதவன், "அடேயப்பா, எவ்வளவு நுணுக்கம்"னுட்டுப் போவான். இதே எல்ஃப் பொம்மையா இருந்தா பட்டுத் தோலுல குட்டு வெளிப்பட்டிருக்கும். கையில ஒரு விரலக் காணலியேன்னு மொனங்குதியே, அதுக்கும் விதிப் பொஸ்தகமே வழி சொல்லுது. இந்தப் பூதத்துக்கு அதுல ட்ரோல்னு பேரு. ட்ரோலுக்கு எப்பவும் பசிக்குமாம். அது கூட்டாளி காப்ளின, அதான் அந்தக் குட்டிச்சாத்தானத் தூக்கி எறியப் போவும்போது பகடையில 1 விழுந்தா, எறியுததுக்குப் பதிலா வாயில போடப் பாக்கும். மறுபடியும் 1 விழுந்தா முழுங்கியே போடும். இப்படிப்பட்ட பய தன் விரல ஒரு நாள் கடிச்சுத் தின்னுருக்க மாட்டானா? மூளியா விட்டு, நுனியில லேசா செவப்பு வை. கதை தானா வந்துரும்.

பழைய பொம்மைக்கு அடித்தட்டும் மாத்தணும். 2016-ல இந்த ஆட்டத்தத் திரும்பக் கொண்டு வந்தப்போ, சாதாரண ஆட்டக்காரன் நிக்குத வட்டத்த 25-லருந்து 32 மில்லிமீட்டராக்கிட்டாவ. ஆளும் கொஞ்சம் பருத்துட்டான். ஒன் பூதத்தப் பழைய வட்டத்துல நிறுத்தினா, ஒத்தக் கால் தூக்கி முட்டாய்க்கு அழுவுத பிள்ளையாத் தெரியுவான். மாத்தீரு, அதுல பெரிசா ஒண்ணும் இல்ல.

பிரைமர் அடிக்கதுக்கு ஒரு நாள் பாக்கணும். நாள் பாக்கதுன்னா பஞ்சாங்கம் இல்லலே, சன்னல். இந்த ஊர்ல மழ பெய்யல, காத்து அடிக்கல, குளிரு கடிக்கலைன்னு ஒரு மத்தியானம் வாய்ச்சா அதான் முகூர்த்தம். ஈரக் காத்துல அடிச்சா பெயிண்டு சரியாப் பிடிக்காம, பூதம் மேல மாவு தெளிச்ச கணக்கா விழும். டப்பா ரொம்பக் குளுந்து போச்சுன்னா வெதுவெதுப்புத் தண்ணியில செத்த நேரம் நிறுத்து. வெதுவெதுப்புன்னேன், அடுப்புல வைக்கச் சொல்லல. நல்லா குலுக்கி, ஒரு அடி தள்ளி நின்னு, விட்டு விட்டுப் பீச்சு. ஒரே எடத்துல பிடிச்சு நின்னியோ, நீ டெட்டால்ல கண்டுபிடிச்ச பல்லெல்லாம் மறுபடி காணாமப் போவும்.

இப்போ ஒன் பெயிண்ட் டப்பா அடுக்கு. அதப் பத்தி நான் பேசவே கூடாதுன்னு இருந்தேன். ஒரே பச்சையில எத்தனை பச்சை! டப்பா வாங்குததே ஒரு தனி ஆட்டமாப் போச்சு ஒனக்கு. நல்ல பேரு வச்ச டப்பா கண்ணுல பட்டா அன்னைக்குத் தூக்கம் கெடையாது. வாங்கு ராசா, வேண்டாங்கல. ஆனா இந்தப் பூதத்துக்குப் பச்சை வேண்டாம். அதச் சுத்தி நிக்குத காப்ளினெல்லாம் பச்சை. பூதமும் பச்சைன்னா, மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கவன் கண்ணுக்கு மொத்தமா ஒரு கீரைக்கட்டுதான் தெரியும். சாம்பல் நீலம் குடு, கல்லு நெறம். உடுப்புக்கு மட்டும் டீம் கலரு.

டப்பாவுலருந்து நேரா பூதத்துக்குப் போகாத. தண்ணி கலந்து எளக்கு. மொதல் பூச்சுல அடி தெரியத்தான் செய்யும்; தெரிஞ்சா நல்லது. காஞ்சதுக்கு அப்புறம் ரெண்டாவது பூச்சு. ஒனக்கு அந்தக் காயுத நேரம்தான் எமன். காயுததுக்குள்ள தொட்டுப் பாக்கணும், தொட்ட எடத்துல கைரேகை விழணும், அதுக்கு மேல கெட்டியா அப்பணும். பெயிண்ட் காஞ்சு போகாம இருக்க ஒங்கம்மை கேக் சுடுத தாள ஈரப் பஞ்சு மேல விரிச்சு, அதுல வச்சுக் கலக்கு. கேக்காம எடுத்துராத. கேட்டும் தரலைன்னா என்கிட்டச் சொல்லு, எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.

பிரஷ்ஷு சின்னதா இருந்தாத்தான் நுணுக்கம் வரும்னு நெனச்சு, நாலு மயிரு வச்ச பிரஷ்ஷா வாங்கிக் குவிச்சிருக்க. அது பூதத்தத் தொடுததுக்குள்ள பெயிண்ட் நுனியிலயே காஞ்சுரும். பிரஷ்ஷு கொஞ்சம் வயிறு பெருத்ததா, நுனி மட்டும் கூரா இருக்கணும். விக்டோரியா ராணி 1866-ல வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனிகிட்டத் தனக்குன்னு பிரஷ் செய்யச் சொன்னாவளாம். கேட்டது 7-ஆம் நம்பர். அதுலருந்து வந்ததுதான் நீ வெலையப் பாத்துட்டு மூச்சடச்சு நின்ன அந்த சீரிஸ் 7. ராணி அதால பூதத்துக்குப் பெயிண்டு அடிச்சதா எங்கயும் இல்ல, நீ அடிச்சா அவ கோவிச்சுக்கவும் மாட்டா. நுனி கூரா வரணும்னு பிரஷ்ஷ நாக்குல வைக்குத பழக்கத்த விடு. அப்புறம், கழுவுத தண்ணிக் கோப்பைய என் தேத்தண்ணிக் கோப்பை பக்கத்துல வைக்காத. முந்தாநாள் சாம்பல் நீலத்துல ஒரு மடக்கு குடிச்சேன், சீனி கம்மி.

கண்ண எப்ப வைக்கணும்கதுல எனக்கும் ஒனக்கும் தகராறு. நம்மூர்ல சாமி செலைக்குக் கண்ணு கடைசியிலதான் தொறப்பாவ. ஒன் வீடியோக்காரனோ மொகத்துக்கு அடிப்பூச்சு பூசின கையோட கண்ண வச்சுருங்கான். யோசிச்சுப் பாத்தேன், அவன் சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு. கண்ணு கோணிப்போச்சுன்னா சுத்தி இருக்க தோல் நெறத்த வச்சுத் திருத்தலாம். எல்லாத்தையும் முடிச்ச பொறவு கோணினா மொகத்தையே திரும்பப் பூசணும். சாமி கோணலாப் பாத்தா ஊருக்கு ஆவாது. பூதம் கோணலாப் பாத்தா என்னலே? சொல்லப் போனா இந்த ட்ரோலுக்கு மூளை மட்டுன்னு விதியிலயே எழுதியிருக்கு. பக்கத்துல தோழன் ஒருத்தன் நிக்கலைன்னா, பகடையில 4-ஓ அதுக்கு மேலயோ விழாம அது நின்ன எடத்துலயே வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். ஒரு கண்ணு கெழக்க, ஒரு கண்ணு மேக்க வச்சு விடு. அதான் அச்சு அசல்.

வாஷ் ஊத்தும்போது மட்டும் அசராம இரு. தண்ணியான கருப்புச் சாயம், பல்லிடுக்கு, மருவச் சுத்தி எல்லாம் தானா ஓடிப் போயி நெழலு குடுக்கும். ஆனா தாடைக்குக் கீழ ஒரு சொட்டு தேங்கி நிக்கும் பாரு, அத ஈரம் காயுததுக்குள்ள வெறும் பிரஷ்ஷால உறிஞ்சி எடு. விட்டுட்டா ஓரத்துல கறையா வட்டம் கட்டிரும். காஞ்ச பொறவு, வெளிர் நெறத்தத் தொட்டு, தாள்ல தேய்ச்சுத் தேய்ச்சு, பிரஷ்ஷுல பெயிண்டே இல்லையோன்னு சந்தேகம் வர்ற நேரம் பாத்து மேடான எடத்துல உரசு. மருவெல்லாம் பளிச்சுன்னு எந்திரிக்கும். முதுகுல நம்பர் எழுத மறந்துராத. 16 பேரு வரைக்கும் பட்டியல்ல வைக்கலாம்கான். எவன் எவன்னு அடையாளம் தெரியணும்லா. இடுப்பு பெல்ட்டு பக்கிள்ல துரு வரையணும்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சியே, அத எவன் பாக்கப் போறான்? மூணு அடி தள்ளி நிக்கவனுக்கு நம்பரு தெரியும், கலரு தெரியும், கை இருக்கா இல்லையான்னு தெரியும். அவ்வளவுதான்.

வார்னிஷ் மட்டும் கண்டிப்பா வேணும். உலோகப் பொம்மையில மூக்கு, முட்டி, விரல் நுனியிலதான் பெயிண்டு மொதல்ல உரியும். ஒரு பூச்சு பளபளப்பு வார்னிஷ், அதுக்கு மேல மங்கல் வார்னிஷ். ஈர நாள்ல அடிச்சா வெள்ளையாப் பூத்துப் போவும்னு ஒனக்கு ஏற்கெனவே சொல்லியாச்சு. கேக்க மாட்ட, ஆனா சொல்லியாச்சு.

நான் எதுக்கு இவ்வளவு அக்கறைப்படுதேன்னு ஒனக்கு யோசனை ஓடும். வெளிப்படையாவே சொல்லிருதேன். ஒன் கிளப்புல இந்தத் தடவை ஒரு காப்ளின் டீம் பேரு குடுத்திருக்கே, யாருன்னு தேடிக்கிட்டு இருந்தியே, அது நான்தான். ஒன் தங்கச்சிதான் எழுதிக் குடுத்தா. 10 லட்சம் பொன்னுல நீ குள்ளனுவள வாங்கி, தாடிய வாரி விட்டு வரிசையா நிறுத்தியிருக்க. காப்ளின் ஒருத்தனுக்கு 40,000தான். செத்தா இன்னொருத்தன். ஒன் குள்ளனுவ வரிசையத் தாண்ட எனக்கு இருக்கது ஒரே வழி: கொம்பையா ஒரு பயலத் தூக்கி அவங்க தலைக்கு மேல வீசணும். கொம்பையா யாருங்கியா? ஒன் மேசையில கையில்லாம நிக்கானே, அவன்தான். பேரு வச்சாச்சு.

அதனாலதான் எனக்கு ஒரு சந்தேகம். நீ அந்தக் கைய வேணும்னே ஒட்டாம இழுத்தடிக்கியோன்னு. அப்படி ஒரு நெனப்பு இருந்தா, ஒரு தகவல் கேட்டுக்க. கையில்லாத பூதம் காப்ளின எறியக் கூடாதுன்னு விதிப் பொஸ்தகத்துல எங்கயும் இல்ல; ஒன் தங்கச்சிய ஒக்காத்தி வச்சு வரி வரியாப் படிக்கச் சொல்லிட்டேன். நடுவருக்குக் காசு குடுக்கலாம்னு மட்டும் இருக்கு. அதும் காப்ளின் டீமுக்குன்னா பாதி வெலையாம்.